கடைசி ஆறு வரி

சால்ட்டோ நகரத்து வாரப் பத்திரிகைக்குப்
பத்தொன்பது வருஷம் பக்கம் கட்டினேன்.
கதை என்றால் எனக்கு
இரண்டு பத்தி, நூற்றுப் பதினெட்டு வரி.
முடிச்சு, திருப்பம், உச்சம் எல்லாம்
படித்தவர்கள் பாடு.
என் பாடு ஈயம்.

மருந்துக்கடை எவுலாலியா பென்டாங்கோர்
அந்த வாரக் கதையை எழுதியிருந்தாள்.
பார்வை போன மனைவி.
அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
முற்றத்து எலுமிச்சையைப் பூச்சி அரித்து
வெட்டிப் போட்டாயிற்று.
கணவன் சொல்லவில்லை.
தினம் ஒரு பழம் சந்தையில் வாங்கி
அவள் கையில் வைக்கிறான்:
"நம் மரத்துப் பழம்."
அவள் அதன்மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டை
நகத்தால் சுரண்டி எடுத்து
மடியில் ஒளித்துக்கொண்டு
"இந்த வருஷம் மரம்
தாராளமாகத்தான் காய்க்கிறது" என்கிறாள்.

அது நூற்றுப் பன்னிரண்டாவது வரி.
மிச்சம் ஆறில் எவுலாலியா
எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள்:
அவளுக்கு முதல் நாளே தெரியும் என்று,
அவன் மனம் நோகக் கூடாதென்று நடித்தாள் என்று,
அன்புக்குக் கண் எதற்கு என்று.

வெள்ளி மாலை ஐந்தரைக்கு
செருப்புக்கடை விளம்பரம் வந்தது.
உயரம், சரியாக ஆறு வரி.
இழுத்தால் நீள ஈயம் என்ன மாவா?
உருவித் தட்டில் போட்டேன்.

நாற்பத்தொரு கடிதம் வந்தது.
கறிக்கடைக்காரர் கத்தியும் கையுமாக
என்னைத் தெருவில் நிறுத்தினார்:
"அவளுக்குத் தெரியும், இல்லையா?"
தொலைந்த காசைத்
தானே கண்டெடுத்த முகம்.

எவுலாலியா வந்தாள்,
மழையில்லாத நாளில் குடையோடு.
"என் முடிவு எங்கே?"
செருப்பைக் காட்டினேன்.
நின்றபடி ஒரு முறை படித்தாள்,
உட்கார்ந்து ஒரு முறை.
"இது என்னைவிடக் கெட்டிக்காரி
எழுதிய கதை" என்றவள்
போகும்போது செருப்பின் விலையைக் கேட்டாள்.

எங்கள் ஊர்ப் பெயருக்கே
குதித்தல் என்று பொருள்.
ஆறு அங்கே பாறை விளிம்பில் குதிக்கும்.
கதையும் விளிம்புவரை கூட்டிப்போனால் போதும்.
குதிக்க வேண்டியது படிக்கிறவன்.
கையைப் பிடித்துக்கொண்டு கூடக் குதித்தால்
இரண்டு பேருக்கும் கால் போகும்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று தலை கனத்தது.
அடுத்த மாதம்
நகரத் தலைவரின் பாலத் திறப்புவிழாப் பேச்சு.
இடம் நிறையவே இருந்தது.
இருந்தும் கடைசி ஆறு வரியை உருவினேன்.
அச்சில் அது இப்படி முடிந்தது:
"இந்தப் பாலம் தாங்குமா என்று
என்னைக் கேட்கிறார்கள்."

பதில் தட்டில் கிடந்தது.
ஊர் ஒரு வாரம் சிரித்தது;
பாலத்தில் வண்டிகள் தயங்கித் தயங்கி ஏறின.
சனிக்கிழமை முதலாளி டான் காசியானோ கூப்பிட்டார்.
ஒன்றைச் சொல்ல ஒன்பது சொல்கிற மனிதர்,
அன்றைக்கு ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

நேலிடாவிடம் நான் சொல்லவில்லை.
காலை ஏழுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி
மாட்டே உறிஞ்சியபடி ஆற்றங்கரையில் இருந்துவிட்டு
ஆறுக்குத் திரும்புவேன்.
பதினேழு நாள்.
நேற்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
கைப்பட்டியை விளக்கருகில் பிடித்துப் பார்த்தாள்.
வெள்ளை வெளேரென்று இருந்தது.
சோப்பை எடுத்தாள்.
வெகு நேரம் தேய்த்தாள்.

"இந்த அச்சு மை
லேசில் போகாது போலிருக்கிறது"
என்றாள்.