மூன்றாம் சாட்சி சொன்னது

குடும்பநல நீதிமன்றத்தில்
என் மேசைக்குப் பின்னால் நான்கு பீரோக்கள்.
இந்து. கிறிஸ்தவம். இஸ்லாம்.
நான்காவதில்
எந்தச் சாமியையும் சாட்சிக்கு அழைக்காமல்
பதிவாளர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டவர்கள்.
கன்னத்தில் விழுகிற அறைக்கு மதம் கிடையாது.
ஆனாலும் ஒரு மனு வந்ததும்
நான் முதலில் பார்ப்பது
எந்த பீரோ என்றுதான்.
நான்காவதன் கதவு சரியாகச் சாத்தாது;
மழை நாளில் அதில்தான் குடைகளை மாட்டுகிறோம்.

அன்றைக்கு இரண்டாவது பீரோ.
அருள்தாஸ் எதிர் பெனினா, ராயபுரம்.
அவள் வேறொருவனோடு இருந்தாள் என்பது வழக்கு.
அதற்கான சட்டம்
இந்தச் சிவப்புக் கட்டிடத்தைவிட மூத்தது.
சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது
ஏழாம் கட்டளை,
கப்பலேறிப் பாரிமுனை வந்து சேர்ந்தபோது
பத்தாம் பிரிவு.
வழியில் எங்கோ கற்பலகையை இறக்கிவைத்துவிட்டு
கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் சாட்சி சம்பூரணம்.
தெருமுனையில் இஸ்திரி வண்டி.
"கடவுள் அறியச் சொல்றியா, மனசாட்சி அறியவா?"
டவாலி கேட்டான்.
"ரெண்டும் வேற வேற ஆளா சார்?"
நீதிபதி சிரிக்கவில்லை.
காலைப் பூசையின் சந்தனம் அவர் நெற்றியில் காய்ந்து
மின்விசிறிக் காற்றில் பொடிப்பொடியாக
கேஸ் கட்டின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு,
கதவு சாத்தியிருந்ததா.
எல்லாவற்றுக்கும் சம்பூரணம்
"துணி குடுக்க வருவாங்க, வாங்கினு போவாங்க"
என்று மட்டும் சொன்னாள்.
கடைசியில், யாரும் கேட்காமலே,
சுவரோரம் நின்ற பெனினாவைப் பார்த்தபடி,
"அது பாவம் சார்."

என் விரல் நின்றது.
தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் அடிப்பவன் நான்.

கணவனின் வக்கீல் எழுந்தார்:
சாட்சியே பாவம் என்று சொல்லிவிட்டாள், பதிவு செய்யுங்கள்.
மனைவியின் வக்கீல் எழுந்தார்:
ஐயா, அது ஐயோ பாவம் என்கிற பாவம்.
அப்படியானால் 'அது' எது?
செய்ததா, செய்தவளா?
நம் ஊரில் ஒரு பெண்ணைப் பிரியமாகவும்
'அது' என்றுதானே சொல்கிறோம்?

அந்த 'அது'வின் மேல் நீதிமன்றம்
பதினோரு நிமிடம் நின்றது.
மண்ணடியில் பாங்கு தொடங்கி முடிந்தது.
நான் வாசல் சோதனைச் சாவடியை நினைத்துக்கொண்டேன்.
செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு
டோக்கன் தருவார்கள்.
இந்தச் சொல்லும் ஒருநாள் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்,
ஒரு பாதியை அங்கே கொடுத்துவிட்டு
மறுபாதியோடு உள்ளே.
டோக்கன் யாரிடம் இருக்கிறது?

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
அவர் வீட்டில் அந்தச் சொல்லை
எதற்கெல்லாம் சொல்வார்களோ.
"நீ சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?"
"பாவம்னா பாவந்தான் சார்.
வேற எப்டி சொல்றது?"
அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார்.
"சொன்னபடியே ஏத்துங்க."

ஆறு ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடித்தேன்,
இருபுறமும் மேற்கோள் குறி போட்டு.
அப்பீலில் படிக்கப்போகிறவருக்குத்
தமிழ் தெரியுமோ தெரியாதோ.

அச்சடித்து வந்த தாள் இயந்திரத்தில் சிக்கி
ஓரம் கசங்கியிருந்தது.
கையெழுத்து வாங்க நீட்டினேன்.
படி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்,
பெட்டியில் கரி அணைந்துபோயிருக்கும் என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நான் சொன்னது அதுக்கு நல்லதா கெட்டதா சார்?"

எனக்குத் தெரியவில்லை.
இங்கே போடும்மா என்று விரல் வைத்துக் காட்டினேன்.
அவள் உடனே போடவில்லை.
தாளை மேசையில் வைத்து,
கசங்கிய மூலையை உள்ளங்கையால் அழுத்தி
ஒருமுறை தேய்த்தாள்,
திருப்பிப் போட்டு
இன்னொரு முறை.