பெயர் இல்லாத எடை

சரியாக நாற்பத்தொரு நிமிடம்.
அதுவரை எடைமேடைத் திரை உறைந்து கிடக்கும்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் டிராக்டர் வரிசை
பெட்ரோல் பங்கைத் தாண்டிவிடும்.
ஓட்டிகள் இறங்கி டீ குடித்து
இன்னொரு டீக்குக் கடன் சொல்லியிருப்பார்கள்.

கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை.
யார், எத்தனை கிலோ, எவ்வளவு பாக்கி.
விவசாயிகள் ஓர் அட்டவணையில்,
எடைச்சீட்டுகள் வேறொன்றில்.
இரண்டையும் குறியீட்டு எண்ணில் கோத்து
வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவுக்கு ஒரு பட்டியல்.
அவ்வளவுதானே கெஜா, என்பார் மேலாளர் இதயத்துல்லா
பழ ஈயை ஃபைலால் அடித்தபடி.

சர்வரை மாற்றுங்கள் என்றான் பெங்களூர்க்காரன்.
மெமரி போதாது என்றான் ஓசூரில் ஒருத்தன்.
நேரம் எங்கே போகிறது என்று
நான் எந்திரத்தையே கேட்டேன்.
அது தன் திட்டத்தைக் காட்டியது:
ஒவ்வொரு சீட்டுக்கும்
முதல் விவசாயியிலிருந்து கடைசி விவசாயி வரை
வீடுவீடாய்க் கதவு தட்டிக்கொண்டிருந்தது.
இண்டெக்ஸ் இருந்தது,
பூட்டிய அறைக்குள் ஏணி இருப்பதுபோல.

காரணம் அகப்பட்டபோது இரவு பத்தேகால்.
ஒரு பக்கம் 417 என்ற எண்.
மறுபக்கம் 00417 என்ற எழுத்து.
எட்டு வருடத்துக்கு முன் எவனோ
அழகுக்கு வைத்த இரண்டு சைபர்.
ஒவ்வொரு முறையும் எழுத்தை எண்ணாக்கி,
ஒப்பிட்டு, தூக்கிப் போட்டு,
அடுத்ததை எடுத்து...

இரண்டையும் ஒரே வகையாக்கி மறுபடி ஓட்டினேன்.
மூன்று நொடி.
விசையிலிருந்து விரலை எடுக்கக்கூட விடவில்லை.

இதயத்துல்லா எழுந்தே நின்றுவிட்டார்.
எனக்குக் கூட்டுத்தொகை இடித்தது.
எடைமேடைக் கணக்குக்கும் பட்டியலுக்கும்
பதினோரு டன் முந்நூற்று நாற்பது கிலோ வித்தியாசம்.
கூழாகி டின்னில் அடைபட்டு
துறைமுகம் வரை போய்விட்ட பெங்களூரா,
பட்டியலில் காய்க்கவே இல்லை.
நாற்பத்தொரு நிமிடமும் இதே பொய்யைத்தான்
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
காத்திருந்த களைப்பில்
யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

ஜோடி சேர்ந்ததை மட்டும் உள்ளே விடும் இணைப்பு அது.
சேராததை வாசலிலேயே நிறுத்தும்.
நிறுத்தியதாகச் சொல்லவும் செய்யாது.
ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்:
இடப்பக்கம் இருப்பதெல்லாம் வரட்டும்,
வலப்பக்கம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஏழு வரிகள் வந்தன.
எடை இருந்தது, விலை இருந்தது,
பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒன்றுமில்லை.
இருபத்தொன்றாம் தேதி, கரண்ட் போன ராத்திரி,
திம்மராயன் காகிதத்தில் குறித்து
விடிந்த பிறகு ஏற்றியவை.
ஒன்றின் குறிப்பில் மட்டும் இப்படி:
சிவப்பு டிராக்டர். பேர் கேக்கல.

ஏழும் ஒரே ஆளாக இருக்குமோ என்று
வெறுமையை வெறுமையோடு பொருத்திப் பார்த்தேன்.
அந்த மொழியில்
வெறுமை வெறுமைக்குச் சமமில்லை.
சமமில்லாததும் இல்லை.
தெரியாது என்பது மட்டுமே பதில்.

தூக்கிடு, கணக்கு நேராயிடும், என்றார் இதயத்துல்லா.
சொல்லிவிட்டு அவரே மேசையைப் பார்த்துக்கொண்டார்.

காலையில் திம்மராயனோடு கேட்டுக்கு நடந்தேன்.
வரிசை இப்போது புளியமரம் வரைதான்.
மூன்று பேரை அவன் முகம் பார்த்துச் சொன்னான்:
சந்தூர் மாதையன்,
நாகரசம்பட்டியில் கோடி வீட்டு ருக்கு,
மூன்று சீட்டு போட்டிருந்த பண்ணந்தூர் சின்னபையன்.
ஆக ஐந்து.
ஆறாவதை இதயத்துல்லாவே ஞாபகப்படுத்திக்கொண்டார்,
எப்படியென்று நான் கேட்கவில்லை.

சிவப்பு டிராக்டரா, என்று
திம்மராயன் தலையைச் சொறிந்தான்.
புளியமரம் வரை எண்ணினேன்.
ஒன்பது சிவப்பு.

முதல் வண்டியிடம் போனேன்.
அண்ணா, இருபத்தொண்ணாந்தேதி ராத்திரி
லோடு கொண்டாந்தீங்களா?
இல்லை என்றார்.
அடுத்த வண்டி.
இதற்கு இண்டெக்ஸ் கிடையாது.