பதின்மூன்றாம் வகை

கிளெர்மாண்டுக்கு வெளியே
சுரங்கப் பாதை நெடுஞ்சாலையைத் தொடும் முக்கில்
இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்களைக்
குறுக்கே கிடத்தி ஆணியடித்தோம்.
சக்கரம் ஏறினால் உள்ளே காற்று அழுந்தும்,
அழுந்திய காற்று ஒரு நொடியைக் குறித்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் கருவி.
நுனியில் வாய் வைத்து ஊதினால்
அதற்கு நானும் ஒரு வண்டி.

சுரங்கம் இன்னொரு குழி கேட்கிறது.
நானூற்று இருபது ஆட்கள் கூடுதல்,
இருபது வருஷத்துக்கு நிலக்கரி.
சாலை தாங்குமா என்று சொல்ல
பிரிஸ்பேனிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

ஜோசியம்தான்.
கட்டங்கள் எக்செல்லில்.
ஆண்டுக்கு இரண்டு சதவீதம் வளர்ச்சி.
ஏன் இரண்டு என்று யாரும் கேட்டதில்லை,
போன அறிக்கையிலும் இரண்டு.
2046இல் ஷிப்ட் மாறும் மாலை ஐந்தரைக்கு
வலப்பக்கம் திரும்பப் பதினெட்டு நொடி
காத்திருக்க வேண்டும் என்றது மென்பொருள்.
இன்று தொட்டிலில் கிடக்கிற எவனோ
பிரேக்கில் கால் வைத்தபடி
அந்தப் பதினெட்டு நொடியும் நிற்பான்.
ஏற்கத்தக்கது என்று எழுதினேன்.

வண்டிகளில் பன்னிரண்டு வகை.
கார் முதல் வகை.
மூன்று பெட்டி இழுக்கும் ரோடு டிரெயின் கடைசி.
எதிலும் சேராதது பதின்மூன்று:
கங்காரு, கோளாறு,
குழாய்மேல் குதித்துப் பார்த்த பையன்.
அவற்றை அழித்துவிடுவது வழக்கம்.

அழிக்கப் போன விரல் நின்றது.
ஏழு நாளும் அதிகாலை நாலு ஐம்பத்தொன்று.
அச்சுக்கு அச்சு ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்.
வேகம் பதினாறு.
கங்காரு கடிகாரம் பார்க்காது.

எட்டாம் நாள், குழாயைப் பிடுங்கும் சாக்கில்
இருட்டிலேயே போய் விளக்கணைத்து உட்கார்ந்தேன்.
தாழ்வாக, தள்ளாடிக்கொண்டு
ஒற்றை வெளிச்சம் வந்தது.
மஞ்சள் சட்டை, கைப்பிடியில் சோற்றுப் பை.
லுஸ்விமிண்டா.
சுரங்க முகாமில் அறைகளைத் துடைப்பவள்.
ஒன்பது கிலோமீட்டர்.
காரை மகன் மக்கைக்கு ஓட்டிப் போய்விட்டானாம்,
மார்ச்சிலிருந்து திருப்பித் தருகிறானாம்.

லாரி வந்தால்?

"இறங்கிப் புல்லில் நிற்பேன். தூசி அடங்கினதும் ஏறுவேன்.
திங்கள் பதினொன்று. வியாழன் பதினேழு.
முன்னே நாலுதான்."

வியாழனுக்குப் பதினாறு என்றிருந்தது என் இயந்திரம்.
யார் தப்பு என்று இன்னும் தெரியவில்லை.
எண்ணுவது என்றால் எங்கள் பேச்சில்
நினைப்பதும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு நேரமாகிவிட்டது.

விரிவாக்கத்துக்குப் பிறகு வியாழக்கிழமைகளில்
நாற்பத்தொன்று.
இறங்கி, நின்று, ஏற நாற்பது நொடி என்று வைத்தால்
இருபத்தேழு நிமிடம் புல்லில்.
இதைப் போட மென்பொருளில் கட்டம் இல்லை.

ஆறாம் பிரிவு, நாலாம் பத்தி, 'மிதிவண்டிகள்.'
பழைய அறிக்கையில் 'இல்லை எனலாம்.'
நான் 'ஒன்று' என்று மாற்றினேன்,
ஒன்றரை மீட்டர் தார் ஓரம் வேண்டும் என்றும்.
ஹாமிஷ் ஓரத்தில் கேட்டான்:
ஒரு ஆளுக்கா?
அவன் கெட்டவனில்லை. ஒன்பது கிலோமீட்டருக்கு
என்ன செலவாகும் என்று அவனுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
பேசிப் பேசி அது பின்னிணைப்புக்குப் போனது,
'பின்னர் பரிசீலிக்கலாம்' என்ற வாலோடு.
கையெழுத்து என்னுடையது.

அறிக்கை போய்ப் பத்து நாளாகிறது.
இன்று வியாழன்.
அலாரம் வைக்காமலே விழிப்பு வந்தது.
ஜன்னலுக்கு வெளியே பிரிஸ்பேன் மழை,
அங்கே எப்படியோ.
போர்வைக்குள் கிடந்தபடி

ஒன்று. இறங்கு.
தூசி.
ஏறு.
இரண்டு. இறங்கு.