பதிலளிக்க மறுத்தார்

முதல் வசனம் எனக்கு மனப்பாடம்.
இந்த ஆய்வில் பங்குபற்றுவது முற்றிலும் உங்கள் விருப்பம்.
பிடிக்காத கேள்வியை விடலாம்.
எந்த இடத்திலும் நிறுத்தலாம்.
நிறுத்தினால் ஒன்றும் நடக்காது.

குருநகரில் யூட் பெஞ்சமின்
மடியில் கிடந்த வலையை இறக்கி வைத்தார்.
"ஒண்டும் நடக்காதோ?"
ஒன்றும் நடக்காது.
"அப்பிடி எழுதிக் கிடக்கோ?"
காட்டினேன். மூன்று மொழியிலும் கிடந்தது.
கண்ணாடி போட்டு,
தெரியாத மொழியையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு
உள்ளே போனார்.
அடையாள அட்டை, குடும்ப அட்டை, கறண்ட் பில்,
தொண்ணூற்றாறில் முகாமில் படம் பிடித்துக் கொடுத்த துண்டு,
ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
கதிரையில் பரப்பினார்.
எனக்குத் தெரிய வேண்டியிருந்தது
போன மாதம் எத்தனை சவர்க்காரம் வாங்கினார் என்பது.

நான்கு, என்றார்.
பிறகு, "ஐஞ்செண்டு போடுங்கோ" என்றார்.
ஏன் என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.

ஒன்பதாம் கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
ஒரு பொருளை வாங்கியதில் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்களா?
ஆம். இல்லை. ஞாபகமில்லை.
கொண்டாவிலில் ஜெயகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அரிசி புடைத்த சுளகை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"பன்னிரண்டு மாசந்தானோ?
அதுக்கு முன்னம் நடந்ததுகளை
எந்தப் பெட்டிக்குள்ள போடுவியள்?"

ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
ஓரத்தில் எழுதுவது
கணினிக்குள் ஏறாது.

பால்மாப் பைக்கற்றைக் கொண்டுவந்து
நகத்தால் சுரண்டிக் காட்டினாள்.
விலைக்குக் கீழே ஒரு விலை,
அதற்கும் கீழே மங்கலாய் இன்னொன்று.
வெள்ளிக்கிழமைகளில் கடன் கம்பனிப் பெடியன் வருவானாம்,
காசு எண்ணி முடியும்வரை
மோட்டார் சைக்கிளை நிப்பாட்டமாட்டானாம்.
"அவன் தாறது பொருளோ, சேவையோ?"
சேவை என்று அடையாளமிட்டேன்.
பேனை கொஞ்சம் வழுக்கியது.

பேனை நான் வாங்கியது.
அலுவலகம் தந்த இரண்டும் மூன்றாம் நாளே காய்ந்துபோக
பஸ் நிலையத்தடியில் அறுபது ரூபாய்.
பதினான்காம் கேள்வி: பற்றுச்சீட்டு கேட்டீர்களா?
இல்லை.
நானும்தான்.

நாற்பத்தொரு வீடு.
ஒருவரும் ஒரு கேள்வியையும் விடவில்லை.
வருமானம் கேட்டேன், சொன்னார்கள்.
பட்ட கடன் கேட்டேன்,
குரலைக் குறைத்துச் சொன்னார்கள்.
எழுந்து வரும்போது எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
"எல்லாம் சரியாச் சொன்னனானோ?"

நாற்பத்திரண்டாவது வீடு அரியாலையில்.
ஈரத் தலையில் துவாய் சுற்றிய ஒருத்தி,
காதுக்கும் தோளுக்கும் இடையில் போன்.
முதல் வசனத்தைச் சொன்னேன்.
"அப்ப வேண்டாம் அக்கா"
என்றாள், சுவீப் ரிக்கற் காரனுக்குச் சொல்வதுபோல.
கோபமில்லை. பயமுமில்லை.
படலைக் கொளுக்கி விழுந்தது.
உள்ளே போய்
விட்ட இடத்திலிருந்து போனில் கதைத்தாள்.

வெயிலுக்குள் நின்றேன்.
ஸ்கூட்டியின் சீற் சுட்டது.
இந்த இரண்டு கிழமையில்
நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள்.

சத்தியரூபன் சேர் போனில் சொன்னார்:
"தொண்ணூற்றொன்பது எண்டு போடும்.
மறுப்புக்குக் காசில்லை, தெரியுந்தானே.
பக்கத்து வீட்டை எடும்.
தொண்ணூற்றொன்பது கூடினா முடிவு பிழைச்சுப்போம்."

போட்டேன்.
இரண்டு ஒன்பதையும்
அந்தப் படிவத்திலேயே மிக வடிவாய் எழுதினேன்.

பக்கத்து வீட்டில்
கூப்பிட முதலே கதவு திறந்தது.
மதிலுக்கு அப்பால் எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.
சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்தார்,
"எங்க பிள்ளை கையெழுத்து வைக்கிறது?"

கையெழுத்துத் தேவையில்லை, ஐயா,
இது உங்கள் விருப்பம் என்று தொடங்கினேன்.
பேனையை அதற்குள்
என் கையிலிருந்து வாங்கியிருந்தார்.