யார் கணக்கில்

சிவப்பு எங்களுடையது. நீலம் ஜார்ஜியாவுடையது.
இதில் அரசியல் ஏதுமில்லை.
மேசையில் அன்று கிடைத்தவை
அந்த இரண்டு பென்சில்கள்தான்.

கீழே ஆண்டுகள். இடப்பக்கம் டன்கள்.
சாலையில் ஓடும் எல்லாவற்றிலிருந்தும்
எரியாமல் நழுவிய மீத்தேன்.
எரிந்ததற்கு வேறு பத்தி, வேறு ஆள், வேறு அறை.
தப்பியதை எண்ணுவது என் பிழைப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்
இரண்டு கோடும் தரையோடு கிடக்கின்றன.
நல்ல சேதி என்று நினைத்துவிடாதீர்கள்.
அப்போது யெரெவானில் பேருந்து இல்லை, வெளிச்சம் இல்லை.
பூங்கா மரங்களை வெட்டி அடுப்பெரித்தோம்.
கார் புகை இல்லாத காற்றை
ரொட்டி வரிசையில் விறைத்து நின்று சுவாசித்தோம்.

பிறகு சிவப்பு எழுகிறது.
பெட்ரோல் கட்டுப்படியாகாத ஊர்
கூரைமேல் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு
ஓடத் தொடங்கிய காலம் அது.
நீலம் தயங்கி, ஏறி,
நடுவழியில் அறுந்துபோகிறது.
மூன்று ஆண்டுகள் வெறும் தாள்.

திபிலிசிக்குத் தொலைபேசினேன். நானுலி எடுத்தாள்.
இருவருக்கும் தாய்மொழியல்லாத ரஷ்ய மொழியில் சொன்னாள்:
"கோப்பறையில் குழாய் வெடித்துவிட்டது.
அந்த எண்கள் எலிக்கும் தெரியாது."
மதிப்பிட்டுப் போடட்டுமா என்றேன்.
"போடு. ஆனால் புள்ளிக்கோடாகப் போடு.
தெரியாததைத் தெரிந்ததாக
என் நாடு சொன்னதாய் இருக்க வேண்டாம்."

இயக்குநர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"யார் ஜெயிக்கிறோம், ஹெர்மினே?"
எதில் ஐயா என்று கேட்டேன்.
தேநீர் ஆறுகிறது என்று போய்விட்டார்.

கொழுந்தன் கோர்யுன்
வியாழன்தோறும் திபிலிசிக்கு வேன் ஓட்டுகிறான்.
ஒருமுறை நானும் போனேன்.
எரிவாயு நிலையத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.
வெடித்தால் வண்டியோடு போகட்டுமாம்;
சுவரோரம் பனியில் ஒன்பது பேர் நின்றோம்.
நிரப்பி முடிந்ததும்
சவரத் தூரிகையில் சோப்பை நுரைத்து
சிலிண்டரின் கழுத்தில் தடவினான்.
குனிந்து காத்திருந்தான்.

ஒரு கொப்புளம்.
பட்டாணி அளவில் பிறந்து
வீங்கி
உடைந்தது.
பிறகு இன்னொன்று.

"இது ஒன்றுமில்லை அண்ணி."

பதினேழு ஆண்டுகளாய் நான் எண்ணிவந்ததை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எல்லையில், தெபெத் ஆற்றுப் பாலத்தில்
இரண்டு சாவடிக்கும் நடுவே நாற்பது நிமிடம்.
பின் இருக்கையில் கைக்குழந்தை;
ஹீட்டருக்காக எஞ்சினை அணைக்கவில்லை.
கொப்புளங்கள் கூரைமேல் தம்பாட்டுக்கு
உடைந்துகொண்டிருந்திருக்கும்.
இந்த நாற்பது நிமிடம் சிவப்பா, நீலமா?

விதி எனக்கு மனப்பாடம்:
எரிபொருள் எங்கே விற்றதோ அங்கே எழுது.
பாலத்தில் கசிந்தாலும் பத்தூமிக் கடற்கரையில் கசிந்தாலும்
எங்கள் பற்று.
நானுலி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
"எங்கள் சாலையில் ஓடுகிறான், எங்கள் கோட்டை ஏற்றாமல்!
தங்கமான பிள்ளை.
திரும்பும்போது இங்கே நிரப்பச் சொல்,
கடனை அடைத்துவிடுகிறோம்."

அண்மை ஆண்டுகளில் நீலம் சரிகிறது.
குனிந்து பார்த்தால் சிவப்பும் லேசாய்க் களைத்திருக்கிறது.
ஏன் என்று அடிக்குறிப்பு எழுத வேண்டும்.
வண்டிகள் மாறினவா, விலை மாறியதா,
ஆட்கள் வேறு நாட்டுக்கே போய்விட்டார்களா?
மூன்றாவதை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

அன்று இரவு வீடு திரும்பியதும்
கோர்யுன் ஸ்பேனரை எடுத்துக் கூரைமேல் ஏறினான்.
கால் திருகு. அவ்வளவுதான்.
நுரை அப்படியே கிடந்தது, ஒரு கண்ணும் திறக்கவில்லை.

இது என் தாளில் தெரியப்போவதில்லை.
இந்தக் கால் திருகைவிட
சிவப்புக் கோட்டின் தடிமன் பல்லாயிரம் மடங்கு.

தெரிந்தும்
மறுநாள் காலை முதல் வேலையாய்ப்
பென்சிலைச் சீவினேன்.