நீலப் பை

யொர்லேனி என்னை வாசலிலேயே நிறுத்துகிறாள்.
"முதலில் சட்டையைக் கழற்று.
குளித்துவிட்டு வா. அப்புறம் பேசு."

விடிகாலை நான்கரையிலிருந்து
சிக்கிர்ரெஸ் தோட்டத்தில்
ஏணியும் நானும்.
பிஞ்சுக் குலை ஒவ்வொன்றுக்கும்
மருந்து தோய்த்த நீலப் பை ஒன்று,
கழுத்தில் ஒரு முடிச்சு.
இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு குலை.
இலை தின்ற புழு ஏழு.
கட்டைவிரலை விடப் பெரிசு, வால் பிளந்தது.
பூட்ஸால் தேய்த்தேன்.
அதற்குத் தனிக்கூலி கிடையாது.

வீட்டுக்குப் பின்னால், வலைக்குள்ளே,
அதே புழுவுக்கு
அதே வாழையிலையைக்
கழுவி, ஈரம் ஒற்றி,
விருந்தாளிக்குப் போடுவதுபோல் போடுகிறாள் என் மனைவி.

செவ்வாய்க்கிழமை பெட்டி போகும்.
கூட்டுப்புழுக்கள் பஞ்சில் படுத்து விமானம் ஏறி
பனி கொட்டும் ஏதோ ஊரில்
கண்ணாடி வீட்டுக்குள் விழித்துக்கொள்ளும்.
என் கூலி அரிசிக்கு.
புழுவின் கூலி
மகள் கிரிஸ்யாவின் பல்லுக்குக் கம்பி கட்ட.

போன வாரம் ஒன்று பெட்டிக்குத் தப்பிவிட்டது.
தண்ணீர்த் தொட்டியின் அடியில் தொங்கியிருக்கிறது
காய்ந்த சருகு மாதிரி.
விளக்கேற்றாத அந்திப் பொழுதில்
சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு.
மேலே,
நனைந்த காகிதம் மெல்ல மெல்ல
ஆந்தையாகிக்கொண்டிருந்தது.

பறந்தபோது திறந்தது நீலம்.
பையின் நீலமல்ல.
மழை விட்ட கணத்தில்
ஆற்றுக்கு அக்கரையில் தெரியுமே, அது.

வந்து உட்கார்ந்த இடம்
கொடியில் கிடந்த என் சட்டை.
தோள்பட்டையில் புளித்துப்போன வாழைச்சாறு.
சுருட்டிய நாக்கை நீட்டி அதைக் குடித்தது.
வாழைச்சாற்றோடு இன்னும் என்னென்ன ஊறியிருக்குமோ.

மூடிய சிறகில் ஒரு கண்.
கறுப்பு விழி, மஞ்சள் வளையம்,
நடுவே யாரோ வைத்த வெள்ளைப் புள்ளி.
அது எதையும் பார்க்காது, எனக்குத் தெரியும்.
ஓணானை மிரட்டுவதற்கு எழுதிய கண்.
ஆனாலும்
இரண்டடி பின்னால் நகர்ந்த ஓணான்
நான்தான்.

விரட்டலாம் என்று கையை ஓங்கினேன்.
தொட்டால் அந்தக் கண் பொடியாகி
என் விரலோடு வந்துவிடும்.
அடுக்களையில் எண்ணெய் சடசடத்தது.
இருட்டும்வரை நின்றேன்.

விடிந்தபோது சட்டை மட்டும் இருந்தது.
உதறாமல் போட்டுக்கொண்டேன்.

"கணக்கில் ஒன்று குறைகிறதே, எலியேசர்,
நீ பார்த்தாயா?"

பார்க்கவில்லை என்றேன்.