பதினான்கு துளைகள்

மார்ச் கடைசி வாரம்.
போஹின் ஏரியில் பனிப்பாளம் விரிசல் விடும் சத்தம்
கடைக்குள் வரை கேட்கிறது.
பருவம் முடியும் நேரத்தில் ஹெல்மெட் வாங்க வருபவர்
ஒன்று கஞ்சர், இல்லையேல் அடிபட்டவர்.
யெர்னெய் இரண்டும்.

பேக்கரிக்காரர். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி
எட்டு மணிக்கு ஸ்கீயோடு மலையேறுகிறவர்.
"என் தலை ஒரு கொதிகெண்டி, நெவென்கா"
என்றபடி கம்பளிக் குல்லாவைக் கழற்றினார்.
பொய்யில்லை. வழுக்கையிலிருந்து ஆவி எழுந்தது.

பழைய ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார்.
கறுப்பு. பளபளப்பு. ஓர் ஓட்டை கிடையாது.
நிறம் பிடித்துப்போய் மகள் வாங்கியதாம்.
உள்பஞ்சில் வியர்வை உலர்ந்த உப்புக் கோடுகள்,
வற்றிய குளத்தின் கரைபோல ஒன்றுக்குள் ஒன்று.
ஏறும்போது வேகிறதென்று பையில் தொங்கவிடுவார்,
இறங்கும்போது மாட்ட மறந்துவிடுவார்.
போன ஞாயிறு, பனிக்குள் பாதி புதைந்திருந்த
ஒரு மரக்கட்டை.
ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை,
அது முதுகில் பத்திரமாக இருந்தது.
புருவத்துக்கு மேலே ஏழு தையல்.

சுவரிலிருந்து மூன்றை இறக்கினேன்.

முதலாவதன் துளைகளில் விரல் விடச் சொன்னேன்.
நகம் முட்டி நின்றது.
வெளியே சன்னல், உள்ளே சுவர்.
நாற்பது யூரோ கூடுதல் அந்தப் பொய்க்கு.

இரண்டாவதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
வெளிச்சம் வந்தது, ஆனால் எல்லாம் உச்சியில்.
"காற்று நுழைய நெற்றியில் வழி வேண்டாமா?
புகைபோக்கி மட்டும் இருந்தால்
அடுப்பு எரியுமா?" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பைப் பற்றி அவரிடம் பேசுவதற்கு நான் யார்.

மூன்றாவது கடுகு மஞ்சள்.
இரண்டு வருடமாக யாரும் தொடாதது.
பதினான்கு துளைகள், நெற்றியில் நான்கு,
மேலே தள்ளித் திறக்க ஒரு மூடி,
கையுறையைக் கழற்றாமலே நகர்த்தலாம்.
"மாடிக் கிடங்குக்கு இருபத்திரண்டு படி.
மாட்டிக்கொண்டு ஆறு தடவை ஏறி இறங்குங்கள்.
பிறகு விலை பேசலாம்."

ஸ்கீ பூட்ஸோடு ஏறினார்.
மரப்படி ஒவ்வொன்றும் முனகியது.
மெழுகு வாங்க வந்த ஆஸ்திரியத் தம்பதி
வரிசையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.
அவர்கள் பையன் ஜெர்மனில் எண்ணினான்.
நான்காம் தடவை மூச்சு வாங்கியது.
ஆறாம் தடவை என் முன்னால் வந்து நின்று
கண்ணாடியை இறக்கிக் காட்டினார்.
மங்கவில்லை.
உள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

"ரொட்டி முதுகில் கத்தியால் நாம் கீற வேண்டும்.
கீறாவிட்டால் அடுப்புக்குள் அது
தனக்குத் தோன்றிய இடத்தில் பிளந்துகொள்ளும்"
என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.
அந்த ஏழு தையலைப் பார்க்காமலிருக்க
நான் ரசீதில் தேதி எழுதினேன்.
தப்பாக எழுதினேன்.

நிறம் கேவலமாயிருக்கிறதென்று பத்து யூரோ குறைத்தார்.
கீழே விழுந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்று
ஐந்தை நான் திரும்ப ஏற்றினேன்.

இப்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்,
வெயிலில், ஹெல்மெட்டோடு.
மூடியைத் தள்ளுகிறார், திறக்கிறார்,
மறுபடி தள்ளுகிறார்.
பக்கத்தில் நிற்கும் பெண்மணி
ஓரடி நகர்ந்து நிற்கிறாள்.

கறுப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.
ஆளில்லாத நேரத்தில் தலையில் வைத்து
வாரை இறுக்கிப் பார்த்தேன்.
இரண்டே நிமிடம். காது மடல் சுட்டது.
என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.
ஏரி கேட்கவில்லை.

கழற்றினேன்.
தூரத்தில் எங்கோ ஒரு பாளம்
நிதானமாக, நீளமாக, விரிசல் விட்டது.